ராகேலுக்கு நான் பிடித்த சுருதி

ராகேலின் தொண்டையைக் கெடுத்தவள் நான்தான்.

காய்ச்சல் கெடுத்தது என்பார்கள். மலைப்பனி என்பார்கள். பக்தி அதிகமுள்ளவர்கள், ஆண்டவரே தொட்டார் என்பார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள், வருடம் தவறாமல், சபை முழுக்கக் கேட்க... இல்லை! தொட்டது என் கை. ஆர்மோனியக் கட்டைகளின் மேல் கிடந்த இந்தக் கை.

இதைப் படிக்கிற நீங்கள் மாத்தளைப் பக்கத்துக் கிறிஸ்தவராக இருந்தால் இந்நேரம் முகம் சுளித்திருப்பீர்கள். இந்த லில்லி டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் முழுவதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வேறு ஊர்க்காரராக இருந்தால், ராகேல் யாரென்று முதலில் தெரிய வேண்டும். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் இனிக்கும். துரோகம் செய்தவளுக்கு வாய் இனிக்கலாமா? இனிக்கிறதே, நான் என்ன செய்ய!

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவள். நாடு சுதந்திரம் அடைந்து, தோட்டத்துச் சனங்களுக்கு மட்டும் பிரஜாவுரிமை இல்லையென்று ஆகியிருந்த வருடங்கள் அவை. என் தகப்பனார் மாத்தளை நகரத்துத் தமிழ்ச் சபையில் உபதேசியார். வாரத்தில் பாதி நாள் தோட்டம் தோட்டமாக நடந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஜெபக்கூட்டம் நடத்துவார். மீதி நாள் கால் வலி என்று உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். சோற்றைப் போட்டு வைத்தேன். கையைக் கழுவிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லில்லி, மலையில ஒரு புள்ள பாடுது. ரோட்டுல நின்னு கேட்டேன். ஆள் தெரியல, மேல கொழுந்துக்குள்ள எங்கேயோ நின்னுக்கிட்டுப் பாடுது... நம்ம கோயில்ல நாம இத்தன காலம் பாடுனதெல்லாம் பாட்டே இல்ல."

நம்ம கோயிலில் பாடிக்கொண்டிருந்தது யார்? நான்! மிஷன் பள்ளிக்கூடத்தில் முறையாகச் சங்கீதம் படித்து, பரிசும் வாங்கி, ஞாயிறு தோறும் ஆர்மோனியத்தை மிதித்துக்கொண்டே பாடிய உபதேசியார் மகள். அப்பா அதை யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்ததால்தான் அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அங்கேதான் எரிய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறே அவளைக் கோயிலுக்குக் கூட்டி வந்தார். துவைத்து வெளுத்த சேலை, விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. முன்னே வந்து நிற்கக் கூச்சப்பட்டு என் ஆர்மோனியப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்மோனியத்தில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். எண் கூடக் கூடப் பாட்டு மேலே ஏறும். அதனால், எந்தக் கட்டையில் பாடுவாய் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியாது என்று தெரிந்தே கேட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"கட்டையாவது கரண்டியாவது! எனக்கு என்னங்க தெரியும்? நீங்க பிடிங்க லில்லியம்மா. நான் வந்து சேந்துக்கிறேன்."

ஐந்து கட்டை பிடித்தேன். வந்து சேர்ந்தாள்.

ஐயோ... அதை நான் எப்படிச் சொல்வேன்! ஓடு வேய்ந்த அந்தச் சின்னக் கோயிலுக்குள் அந்தக் குரல் இடம் பற்றாமல் நின்றது. மேலே போகப் போகப் பெண்களின் குரல் மெலியும். இவளுக்கு மேலே போகப் போகத்தான் திறக்கும். முன் வாங்கில் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை ஐயா, பிரசங்கத்துக்கு முன்பே தூங்கிவிடுகிற மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கைகள் கட்டையில் தன்னால் போய்க்கொண்டிருந்தன. எனக்கும் கண் கலங்கியது. பொறாமைக்காரிக்கும் காது இருக்கும் அல்லவா?

அவள் பாடியவற்றில் பாதி அவளே கட்டியவை. கொழுந்து பறிக்கும்போது வாயில் வந்த சொற்கள், லயத்துப் பெண்கள் பாடும் மெட்டு. "இது தெம்மாங்கு மாதிரி இருக்கே, கோயிலுக்கு ஆகுமா?" என்று இரண்டொரு பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களே அடுத்த மாதம் அதைப் பாடிக்கொண்டு கறிவேப்பிலை பறித்தார்கள். ஒரு பாட்டு இப்படித் தொடங்கும்:

கூடை நெறையுமுன்னே
கொழுந்துமலை உச்சியிலே
நாடி நெறஞ்சிருச்சே
நாதா உம் நாமத்தாலே...

படித்தவள் நான் ஒரு வரி கட்டியதில்லை.

அவள் பெருமைக்காரியாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெறுப்பதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவளோ யார் புகழ்ந்தாலும் என்னைக் காட்டுவாள். "லில்லியம்மா பிடிச்சாத்தாங்க எனக்குப் பாட்டு வரும்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலிருக்கும். அவள் அன்பாகச் சொன்னதை நான் ஏன் அப்படிக் கேட்டேன்?

அந்த வருடத்து அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதலாவதை ஆண்டவருக்குக் கொண்டுவந்து வைக்கும் நாள். பீடத்தைச் சுற்றி மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய், சிவந்த கொக்கோக் காய்கள், நாவுலையிலிருந்து வந்த கத்தரிக்காய் மூட்டை, பல்லேகமப் பக்கத்து நெற்கதிர்க் கட்டு... கோயில் முழுக்க ஒரே வாசனை. அன்றைக்குக் கொழும்பிலிருந்து ஒரு குருவானவர் வந்திருந்தார். வானொலியில் கிறிஸ்தவ கீதங்கள் பாட ஒரு குரல் தேடி வந்தவர். யாருக்காக வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ராகேல் மழையில் நனைந்து மலை இறங்கி வந்திருந்தாள். முதல் நாள் முழுக்கத் தூறலில் நின்று கொழுந்து பறித்ததில் சளியும் காய்ச்சலும் பிடித்து, பேச்சே கரகரத்தது.

"இன்னைக்கு முடியுமாடி?" என்று நான் கேட்டேன்.

"பாட ஆரம்பிச்சா சரியாப் போகும் லில்லியம்மா. நீங்க இருக்கீங்கல்ல."

அந்தப் பண்டிகையில் ஒரு பாட்டு நான் பாடலாம் என்று அப்பாவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். ஆராதனை தொடங்குவதற்கு முன் அதை ஞாபகப்படுத்தினேன். அவர் நெற்கதிரை நிமிர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார்: "நீ பெட்டியப் பாத்துக்க லில்லி. பாட்ட ராகேல் பாத்துக்கும்."

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. இதைப் பெரிய காரணம் என்று உங்களிடம் விற்கப் பார்க்கவில்லை. பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். ராகேல் வந்து வழக்கம்போல விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆறரைக் கட்டையைப் பிடித்தேன்.

ஐந்தில் பாடுகிற குரலுக்கு ஆறரை! தொண்டை நன்றாக இருக்கும் நாளிலேயே அது கொடுமை. சளி பிடித்த தொண்டைக்கு அது என்ன என்று சங்கீதம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அவளுக்குக் கட்டைக் கணக்கு தெரியாது. நான் கொடுப்பதுதான் அவளுக்குச் சுருதி.

நான் அவள் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. குரல் ஒரு முறை தடுக்கி விழட்டும் என்று நினைத்தேன். கொழும்புக்காரர் முன்னால், அப்பா முன்னால், ஒரே ஒரு முறை...

பல்லவி கீழ் ஸ்தாயியில் நடக்கும். அதனால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வரி ஏறியபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கி, சரிதானா என்று கேட்கிற பார்வை.

நான் தலையசைத்தேன். சிரித்தும் வைத்தேன்.

என் பாவம் எது என்று கேட்டால் சுருதியை ஏற்றியதைச் சொல்லமாட்டேன். அந்தத் தலையசைப்பைச் சொல்வேன். அந்த நொடியில் நிறுத்தி ஒரு கட்டை இறக்கியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவள் பார்த்தாள், நான் சரி என்றேன், அவள் நம்பினாள்.

கடைசிச் சரணத்தின் உச்ச வரியை மூன்று தரம் பாடுவது அவள் வழக்கம். முதல் தரம் கழுத்து நரம்பு புடைக்க எட்டிப் பிடித்தாள். எட்டிவிட்டாள்! அவள் எப்பேர்ப்பட்டவள் என்று அப்போதாவது நான் உணர்ந்து நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் தரம் சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. இருமினாள். முந்தானையில் சிவப்பாக ஒரு பொட்டு.

அப்பா ஓடி வந்தார். பெண்கள் அவளை வெளியே கூட்டிப்போனார்கள். கொழும்புக் குருவானவர் சங்கடப்பட்டு, வேறு யாராவது பாடுவார்களா என்று கேட்டார்.

நான் பாடினேன்! எரிகிற வீட்டில் பிடுங்கின மட்டும் லாபம் என்று பாடினேன். அதற்கு முன்னால் என் குரலுக்கு ஏற்ற மாதிரி சுருதியை ஐந்துக்கு இறக்கிக்கொண்டேன்.

வானொலியில் என் குரல் ஒரு முறை வந்தது. அலுவிகாரைக்குப் போகிற வழியில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் காசிம் நானாவின் கடையில்தான் அப்போது ரேடியோ இருந்தது. நானும் அப்பாவும் அங்கே போய்க் கேட்டோம். பாட்டு முடிந்தது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். காசிம் நானா தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் ஈக்கிது புள்ள. மலையில ஈந்து வார அந்தப் புள்ளைக்கு, தொண்ட சொகமாகிட்டா?"

என்னை மறுபடியும் யாரும் கூப்பிடவில்லை.

தோட்டத்து மருந்தையா ராகேலை மாதக்கணக்கில் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா என்னை அழைத்துக்கொண்டு அவள் லயத்துக்குப் போனார். வழியெல்லாம், "காய்ச்சலோட இருந்த புள்ளையப் பாட விட்டேனே, என் தப்பு, என் தப்பு" என்று புலம்பிக்கொண்டே வந்தார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அதைப் பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டேன்.

ராகேல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்பா வெளியே யாரிடமோ பேசப் போனதும் காற்றாக ஒரு குரலில் சொன்னாள்: "எனக்குப் பெரும புடிச்சுப் போச்சு லில்லியம்மா. கொழும்புக்காரங்க வந்திருக்காங்கன்னு மனசுக்குள்ள குதிச்சேன். அதான் ஆண்டவரு..."

சொல்லியிருக்க வேண்டாமா? வாய்வரை வந்தது. கொத்தமல்லித் தண்ணீரை எடுத்து அவள் கையில் கொடுத்து, "பேசாத, தொண்டைக்கு ஆகாது" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவளைப் பேசவிடாமல் செய்தது அவள் நன்மைக்காக என்று அப்பாவிடமும் சொல்லிக்கொண்டேன்.

இனி வருவதுதான் அவளுடைய உண்மையான கதை. இதைச் சொல்லும்போது என் பாவம் சின்னதாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் ஏமாறாதீர்கள்.

அடுத்த வருடம் அவள் லயத்தில் முத்தம்மா என்பவளின் புருஷன் இறந்துபோனான். அவர்கள் சைவர்கள். ராகேலோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள் முத்தம்மா. அப்பாவும் நானும் துக்கம் கேட்கப் போயிருந்தோம். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அழுகைக்கு அடியில் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. முதலில் யாரோ முனகுகிறார்கள் என்று நினைத்தேன். ராகேல்! முத்தம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பெண்கள் பாடாத அளவுக்குக் கீழே, அடித்தொண்டையில், "கூடை நெறையுமுன்னே" என்று பாடினாள்.

பழைய மினுக்கம் ஒன்றும் அதில் இல்லை. மேல் வரி வந்தபோது ஏறாமல் அதைக் கீழேயே மடித்து இறக்கினாள். ஒரு பெண் கூடச் சேர்ந்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு பாடை கட்டிக்கொண்டிருந்த ஆண்கள்! தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் பிடிக்கிறவர்கள், பாட்டு என்றால் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கி நிற்பவர்கள், கயிற்றை முடிந்துகொண்டே பாடினார்கள். ஏனென்றால் அவர்களுக்கு எட்டுகிற இடத்தில் முதல் தடவையாக ஒரு பாட்டு இருந்தது.

பழைய ராகேல் பாடினால் எல்லோரும் கேட்பார்கள். இந்த ராகேல் பாடினால் எல்லோரும் பாடினார்கள்.

அதற்குப் பிறகு கோயிலில் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்: "கீழ பிடிங்க லில்லியம்மா, இன்னும் கீழ." மூன்று கட்டைக்கு வந்தோம். அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் பாடினாள்.

அவள் புகழ் அப்போதுதான் மலை தாண்டியது. புத்தகம் இல்லை, இசைத்தட்டு இல்லை. வாய்க்கு வாய் போனது. ரத்தோட்டையில் திங்கட்கிழமை அவள் கட்டிய பாட்டை வெள்ளிக்கிழமை நாவுலையில் பஸ் ஏறுகிற பெண் முணுமுணுப்பாள். கல்யாணத்தில் பாடினார்கள், நோயாளி கட்டிலண்டை பாடினார்கள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்று பாடினார்கள். அலுவிகாரையில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு சிங்களப் பெரியவர், தமிழில் ஒரு சொல் அறியாதவர், அவள் வந்து பாட வேண்டும் என்று ஆளனுப்பினார். கூலிநாளை விட்டுவிட்டுப் போய்ப் பாடினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். இப்போது இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் எந்தப் பாட்டையும் கீழே எடுத்து எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்களே, அந்த வழக்கம் ராகேல் போட்ட பாதை.

அப்படியென்றால் நான் செய்தது நன்மையாகத்தானே முடிந்தது என்று உங்களில் ஒருவர் கேட்பார். நானும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல வருடம் சுகமாகத் தூங்கினேன்! ஆனால் அவள் சாட்சி சொல்லும் நாள் வரும்.

நற்செய்திக் கூட்டத்தில் பாடுவதற்கு முன் ஒவ்வொரு வருடமும் சொல்வாள்: "நான் ஒசரத்துல பாடுனவ. பெருமையோட பாடுனேன். கர்த்தர் என் தொண்டையத் தொட்டு, கீழ இறங்குடின்னாரு. இறங்கி வந்தேன். இங்க நீங்க எல்லாரும் இருந்தீங்க." சனங்கள் அழுவார்கள். அவள் முழங்காலில் நின்று தன் பெருமைக்காக மன்னிப்புக் கேட்பாள். அவளிடம் இல்லாத பாவத்துக்கு! அந்தப் பாவத்துக்குச் சொந்தக்காரி ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் எழும்புவதற்காகச் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

சாட்சி பிறகு சட்டமாகிப் போனது. எந்தப் பெண்பிள்ளை குரலை உயர்த்திப் பாடினாலும் தாய்மார் அதட்டினார்கள். "ராகேலக்காவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?" மேலே பாடுவது பெருமை. பெருமைக்குத் தண்டனை உண்டு. எத்தனை குரல்கள் அப்படி மடங்கிப்போயின என்று நான் எண்ணிப் பார்க்கத் துணிந்ததில்லை.

அவற்றில் ஒன்று ராகேலின் மகளுடையது.

கிரேஸ் என்று பெயர். குரல் போன பிறகு ராகேலுக்குக் கல்யாணமாகிப் பிறந்த பிள்ளை. அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கோயில் வாங்குகளைத் துடைத்துக்கொண்டே பாடினாள். நான் ஆர்மோனியத்தின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். தாயின் பாட்டுத்தான். ஆனால் அந்த மேல் வரியை அவள் மடிக்கவில்லை. போனாள், மேலே, மேலே... எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது ராகேலின் பழைய குரல்! நான் கிழித்துப் போட்ட குரல், புதுசாக, ஒரு சுருக்கம் இல்லாமல்!

வாசலில் ராகேல் வந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இறங்குடி கீழ! அம்மாவுக்கு ஆனது போதாதா?"

பிள்ளை சட்டென்று நிறுத்தினாள். ராகேல் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க லில்லியம்மா. பக்கத்துல இருந்து பாத்தவங்க நீங்கதானே."

கிரேஸ் என்னைப் பார்த்தாள். அதே புருவம். அதே கேள்வி. சரிதானா?

நான் சொன்னேன்: "அம்மா சொல்றதக் கேளு."

முதல் முறை செய்தது பொறாமையில். அப்போது எனக்கு வயதும் குறைவு. இரண்டாம் முறை? நரை விழுந்த தலையோடு, புத்தி தெளிவாக, என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிள்ளையின் குரலை விற்றேன். இதற்கு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

பாண் ரொட்டிக்கு நாங்கள் வரிசையில் நின்ற அந்த வருடங்களில், எங்கள் நாடும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ராகேல் குடும்பம் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. அவள் பிறந்ததும் பிள்ளை பெற்றதும் இந்த மலையில். இந்தியாவை அவள் கண்டதில்லை. எங்களுக்குப் பிரஜாவுரிமை எப்படியோ கிடைத்திருந்தது. நாங்கள் தங்கினோம்.

மாத்தளை ஸ்டேசனில் அன்றைக்கு நிற்க இடமில்லை. கோச்சியில் ஏறியவர்களும் அழுதார்கள், கீழே நின்றவர்களும் அழுதார்கள். பெட்டிக்குள்ளிருந்து ராகேல் பாட்டை எடுத்தாள். மேடை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்குகிறவர்கள்கூடப் பாடினார்கள். அவ்வளவு பெரிய அழுகையை ஒரு மனுஷி ஒரு சுருதியில் சேர்த்துவிட்டாள்! அப்படிப்பட்டவளை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் காணவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஜன்னலண்டை போனேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் கிரேஸ்.

"ராகேல், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க லில்லியம்மா."

"பிள்ளைய... அங்க போன பிறகு பிள்ளைய மேல பாட விடு."

அவள் ஆச்சரியப்பட்டுப் பார்த்தாள். "அதுவும் பட்டுத் திருந்தக் கூடாதுன்னுதானே நான் படாத பாடு படுறேன். நீங்களே இப்பிடிச் சொல்றீங்க? ஏன் லில்லியம்மா?"

ஏன்... அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொன்னால் போதும். அவள் கேட்டுவிட்டாள். கதவை அவளே திறந்துவிட்டாள். கோச்சி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான்" என்றேன்.

அவள் சிரித்து என் கன்னத்தைத் தடவினாள். "ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாள். கோச்சி நகர்ந்தது.

போன வருடம் நீலகிரிப் பக்கத்திலிருந்து அவள் உறவுக்காரர் ஒருவர் வந்தார். ராகேல் இறந்துவிட்டாள் என்றார். அங்கேயும் தேயிலைதானாம். அங்கேயும் கடைசிவரை பாடினாளாம். எங்கள் கோயிலில் நினைவுக் கூட்டம் வைத்தோம். நாவுலையிலிருந்து, ரத்தோட்டையிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். இடமில்லாமல் வெளியே நின்றார்கள். காசிம் நானாவின் மகன்கூட வந்து கடைசியில் கைகட்டி நின்றான். கூட இருந்து பார்த்தவர் நீங்கள்தான், ராகேலின் சாட்சியை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று போதகர் என்னை முன்னே அழைத்தார்.

எழுந்து போனேன். உண்மையைத்தான் சொல்லப்போகிறேன் என்று பீடத்தருகே போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்... திரும்பி அந்த முகங்களைப் பார்த்தேன். "கர்த்தர் அவள் தொண்டையைத் தொட்டார்" என்றேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். பிறகு போய் உட்கார்ந்து மூன்று கட்டையைப் பிடித்தேன். பாடினார்கள். ஆகா, எப்படிப் பாடினார்கள்!

கிரேஸ் இப்போது அங்கே ஒரு சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறாளாம். தாயைப் போலவே, கீழே. மேலே ஒருபோதும் போவதில்லையாம். உறவுக்காரர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் அவளிடம் விஷயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாருங்கள், இதையும் இன்னொருவர் தலையில் கட்டத்தான் பார்க்கிறேன்!

நீங்கள் போக வேண்டாம். உறவுக்காரர் போகும்போது அவளுடைய விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அது என்னிடம் இருக்கிறது.